எந்தத் தெரு?

(ராஜபாளையத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். கவிதை வேண்டாம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு தலித் தகப்பன் என்ன செய்கிறான் என்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஏற்பாடு செய்த தோழர் கொஞ்சம் யோசித்தார். 'அது வீட்டு விசயமில்லையா' என்று கேட்டார். பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று பேசுகிற மேடையில் ஒருத்தன் ஓ.பி. சீட்டு, ஊசி, ரேஷன் கார்டு என்று பேசினால் எடுபடுமா என்ற பயம் அவருக்கு. அவரைக் குறை சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நம் இயக்கங்களில் அறிக்கை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த வரிசையில் நடப்பது நம் அறிக்கைகளில் வராமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதலில் 1997-ஆம் ஆண்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது ஆறு வயது. அந்த ஆண்டு மே மாதம், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு, வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். தாழ்த்தப்பட்ட ஒருவன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். பஸ்கள் உடைபட்டன. தென் மாவட்டங்களில் உயிர்கள் போயின. ஜூலையில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. எங்கள் பெயரை மட்டும் எடுத்தால் அசிங்கம் என்று எல்லார் பெயரையும் எடுத்தார்கள். இது வரலாறு, நீங்கள் படித்திருப்பீர்கள்.

அந்த வரலாற்றின் ஓரத்தில் எங்கம்மாவும் நானும் இருக்கிறோம். எனக்கு ரெண்டு நாளாக வயிற்றுப்போக்கு. பாட்டி தொக்கம் எடுத்துப் பார்த்துச்சு, பார்வை பார்க்கிறவரிடம் திருநீறு போட்டுப் பார்த்துச்சு. நிற்கவில்லை. கண்ணு உள்ளே போயிருச்சு என்று அம்மா இப்பவும் சொல்லும். பஸ் ஓடவில்லை. ஊருக்குள்ளே போய்ச் சைக்கிள் கேட்கிற நிலைமையும் இல்லை. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு, ரோட்டு வழியே போகப் பயந்து, கம்மாய்க்கரை வழியாக நடந்தது. ஒரு தூக்குச்சட்டியில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். அதில் உப்பும் சீனியும் போட்டுக் கலக்கியிருந்தது. பால்வாடி டீச்சர் சொல்லிக் கொடுத்ததாம். பத்தடிக்கு ஒரு தரம் என் வாயில் ஊற்றிக்கொண்டே நடந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் சொன்னாராம், 'இந்தத் தண்ணியாலதான் பிள்ளை தங்குச்சு' என்று.

அந்த உப்பு சீனித் தண்ணீருக்கு ஒரு கதை உண்டு. 1971-இல் வங்காளதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாம்களில் காலரா பரவியது. பன்காவ் என்ற இடத்தில் திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் வேலை செய்தார். நரம்பில் ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து போனது. அவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் சேர்த்துக் கரைத்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே எடுத்து ஊட்டச் சொன்னார். 100-க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. மருத்துவம் தெரியாத சனங்கள் கையில் இதைக் கொடுக்கலாமா என்று அப்போது சந்தேகப்பட்டவர்கள் பலர். மருந்தை டாக்டர் கையிலிருந்து எடுத்துத் தாயின் கையில் கொடுத்த காரியம் அது. 26 வருசம் கழித்து அந்தத் தண்ணீர் எங்கம்மாவின் தூக்குச்சட்டிக்கு வந்து சேர்ந்தது. மகலனாபிஸ் 2022-இல் இறந்தார். அவரை நான் நம்முடைய ஆளாகத்தான் நினைக்கிறேன்.

இப்போது இன்னும் பின்னால் போகிறேன். பாபாசாகேப் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் ஒரு கடிதத்தை எடுத்துத் தருகிறார். 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'வில் வந்த கடிதம். எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். அவர் மனைவிக்குப் பிரசவமாகி ரெண்டு நாளில் உடம்பு முடியாமல் போகிறது. மூச்சு வாங்குகிறது. டாக்டரைக் கூப்பிடுகிறார். சேரிக்கு வர மாட்டேன், தொட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிடித்து, ரெண்டு ரூபாய் பீசுக்கு அவர்கள் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டு வந்தால் பார்க்கிறேன் என்கிறார். ரெண்டு நாள் முன்னால் பிள்ளை பெற்றவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். பார்த்த பிறகு அதே வரிசையில் திரும்ப டாக்டர் கைக்குப் போகிறது. நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனவர் அதன் பிறகு வரவில்லை. அந்தப் பெண் செத்துப் போனாள். அந்தக் கடிதத்தில் ஆசிரியரின் பெயரும் இல்லை, டாக்டரின் பெயரும் இல்லை. பெயர் வந்தால் பழிவாங்குவார்கள் என்று ஆசிரியர் பயந்ததால் அப்படி.

அம்பேத்கரே தன் பிள்ளைகளில் நால்வரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர் என்பதை நினைவில் வைத்து இந்த இடத்தை நீங்கள் படிக்க வேண்டும்.

இன்றைக்கு நம்மிடம் தெர்மாமீட்டரை அப்படி யாரும் கை மாற்றிக் கொடுப்பதில்லை. தீண்டாமையின் பெயரால் ஆஸ்பத்திரியில் அனுமதி மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி குற்றம். கதவு திறந்துதான் இருக்கிறது. கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். அந்த ஆசிரியரைப் போலவே நானும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நாளைக்கும் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் அங்கேதான் போக வேண்டும்.

என் மகளுக்கு மூணு வயதாகும்போது ஒரு ராத்திரி காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண்ணு மேலே சொருகி, கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டம்மா இரும்புச் சாவியை எடுத்துக் கையில் திணித்தார். வாயில் கரண்டி வை என்றார் இன்னொருவர். நான் படித்தவன், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. இப்போது தெரியும், உங்களுக்கும் சொல்கிறேன். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வரலாம். பெரும்பாலும் சில நிமிசத்தில் நின்றுவிடும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிசம் தாண்டினால் ஆபத்து. நின்றாலும் டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ராத்திரி பதினொரு மணி. மேசைக்குப் பின்னால் இருந்த ஊழியர் என்னைப் பார்த்தார். பேண்ட், சட்டை, கையில் போன். 'எந்த ஊரு, எந்தத் தெரு?' என்று கேட்டார்.

தோழர்களே, 'எந்தத் தெரு' என்பது என்ன கேள்வி என்று இங்கே இருக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முகவரி எழுதத்தான் கேட்கிறார்கள் என்று அவர்கள் சொல்லலாம். சில நேரம் உண்மையாகவே அதற்குத்தான் கேட்கிறார்கள். ஆனால் பதில் சொன்ன அடுத்த வினாடி குரலில் ஒரு மாற்றம் வருகிறதே, அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. நான் தெருப் பெயரைச் சொல்லவில்லை. 'பேங்க்ல வேலை பாக்கேன்' என்றேன். ரெண்டு வாக்கியம் இங்கிலீஷில் பேசினேன். 'உட்காருங்க சார்' என்றார்கள். நாற்காலி வந்தது. டாக்டர் வந்தார். மகளைப் பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள்.

என் பக்கத்தில், தரையில், ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். சத்திரப்பட்டிப் பக்கம் தறி ஓட்டுகிறவள். சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் நெய்கிற பேண்டேஜ் துணி நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நாட்டின் காயத்துக்கெல்லாம் கட்டுத் துணி நெய்கிறவள் மடியில் ரெண்டு வயசுப் பயல், வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தான். அவளிடமும் அதே கேள்வி. அவள் தெருப் பெயரைச் சொன்னாள். 'ஏன் இவ்வளவு நேரம் கழிச்சுத் தூக்கிட்டு வர்ற? எல்லாம் முத்த விட்டுட்டு வந்திருங்க. அந்தப் பக்கம் போய் உட்காரு.' அந்தப் பன்மையைக் கவனியுங்கள். திட்டு ஒருத்திக்கு இல்லை, ஒரு தெருவுக்கு.

நான் வாய் திறக்கவில்லை. அவள் தெரு எனக்குத் தெரியும். என் அத்தையைக் கட்டிக்கொடுத்த தெரு அது. வாயைத் திறந்தால் என் நாற்காலி போய்விடுமோ, என் பிள்ளைக்கு ஏறுகிற மருந்து நின்றுவிடுமோ என்று பயந்தேன். பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிறவன் எப்படிப்பட்ட கோழை என்பதை அன்றைக்குப் பார்த்தேன். கவிதையில் நான் எழுதிய கலகமெல்லாம் அந்த நாற்காலிக்குக் கீழே கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அவள் என்னிடம் வந்து, 'சார், இதுல என்ன எழுதியிருக்கு?' என்றாள். படித்துச் சொன்னேன். 108-க்குச் சொல்லியாச்சா என்று அப்போதுதான் நான் எழுந்து போய்க் கேட்டேன். எனக்குப் பதில் சொன்னார்கள், வண்டி வந்தது. அவள் கேட்டிருந்தாலும் வந்திருக்குமா? வந்திருக்க வேண்டும், அதற்குத்தான் 2008-இலிருந்து அந்த வண்டி ஓடுகிறது. ஆனால் கேட்கலாம் என்பதே அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

போகும்போது 'நீங்க எந்த ஊரு சார்?' என்றாள். ஊர்ப் பெயரைச் சொன்னேன். தெருவை அவளிடமும் சொல்லவில்லை.

பயல் பிழைத்துக்கொண்டான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூணு வாரம் கழித்து அவள் எங்கள் பேங்குக்கு வந்தாள். பணம் எடுக்கிற சலானை நீட்டி எழுதித் தரச் சொன்னாள். கூட்டம். முதல் தேதி. நான் தலையைத் தூக்காமல், 'அந்தப் பக்கம் போய் யாரையாவது எழுதித் தரச் சொல்லும்மா' என்றேன். சொன்ன பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் எதிலும் எழுத முடியவில்லை.

அந்தப் பக்கம். அதே சொல். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சொல் தானாக வாயில் வந்துவிடுகிறது. ஆகவே ஆஸ்பத்திரி ஊழியர்களை மட்டும் வில்லன்களாக்கி ஒரு பேச்சுப் பேசிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. சலானைப் பூர்த்தி செய்தபோது மீதியையும் கேட்டேன். மதுரையில் பிள்ளையைக் காப்பாற்றினார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் காப்பீட்டு அட்டையைக் கேட்டபோது பயல் பெயர் ரேஷன் கார்டிலேயே இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றவில்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நாலு நாள் கூலி இழந்ததற்கும் கம்மலை அடகு வைத்திருந்தாள்.

சிலர் கேட்பார்கள், தமிழ்நாட்டில் மருத்துவம் நன்றாகத்தானே இருக்கிறது என்று. இருக்கிறது. அதை மறுக்கிறவன் பொய் சொல்கிறான். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் பிறக்கிற 1000 குழந்தைகளில் 28 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 13 பேர். கிராமச் செவிலியர்களும் பால்வாடி டீச்சர்களும் கால் தேய நடந்து கொண்டு வந்த எண் அது. ஆனால் அதே காலத்து தேசியக் குடும்பநல ஆய்வு, 2019–21, இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிள்ளையைச் சாகாமல் காப்பாற்றுகிறோம், சோகையோடு வளர்க்கிறோம். சராசரி என்பது ஊரையும் சேரியையும் கூட்டி வகுத்து வருகிற எண். எந்தத் தெருவில் எத்தனை என்று அது சொல்லாது. அங்கே மட்டும் 'எந்தத் தெரு' என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிரசவம் தீட்டு, ரத்தம் தீட்டு என்று சொல்லித் தொப்புள்கொடி அறுக்கிற வேலையை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் தலையில் கட்டியது இந்தச் சமூகம். அதே வேலைக்குப் பட்டமும் சம்பளமும் வந்தபோது தீட்டு பறந்துவிட்டது. இன்றைக்கும் வார்டில் ரத்தமும் மலமும் துடைக்கிற ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் யார் என்று போய்ப் பாருங்கள். 1176 மார்க் எடுத்த அரியலூர் அனிதா 2017-இல் டாக்டராக முடியாமல் செத்ததையும் இதோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் தரையில் நாம் இருக்கிறோம், மேசைக்குப் பின்னால் கொஞ்சம்தான் இருக்கிறோம்.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்று பயப்படுகிறோம். கேட்காததால் என்ன ஆகும் என்பதற்கு ரெண்டு சம்பவம் சொல்கிறேன்.

ஒன்று நம் மாவட்டத்திலேயே நடந்தது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு, சோகைக்காக, ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குக் கிருமி இருப்பது 2016-இல் அவர் முகாமில் கொடுத்த ரத்தத்திலேயே தெரிந்திருந்தது, ஆனால் அவருக்குச் சேதி போகவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்தபோது தெரிந்துகொண்ட அவர், தானே போய் ரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. அந்த இளைஞர் விஷம் குடித்து மதுரையில் இறந்து போனார். 2019 ஜனவரியில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் அறிவித்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தச் சங்கிலி முழுவதிலும், தெரிந்ததை நேரே வந்து சொன்ன ஒரே ஆள் செத்துப்போன அந்தப் பையன்தான்.

இன்னொன்று 2025-இல் நடந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். தமிழ்நாட்டுச் சோதனையில் அந்த மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அப்படிப்பட்ட கூட்டு மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023-லேயே உத்தரவு இருந்தது. அந்தத் தாய் தகப்பன்மார் கேட்டிருந்தாலும் விஷம் தெரிந்திருக்காது. அது அரசும் ஆலையும் செய்த கொலை. ஆனால் 'இந்த மருந்து என் பிள்ளை வயசுக்குக் கொடுக்கலாமா' என்று ஒவ்வொரு தாயும் கேட்கிற ஊரில் அந்தப் பாட்டில் அவ்வளவு சுலபமாக வீட்டுக்குள் வந்திருக்காது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது சின்ன விசயம்தான். நம் தெருக்களில் படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். ராத்திரி ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் கூட ஒரு ஆள் போக வேண்டும். சண்டை போட இல்லை, கேட்பதற்கு. பிள்ளைக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டும். என்ன மருந்து, பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனால் உடனே திரும்பி வர வேண்டும் என்று கேட்க வேண்டும். மேலே அனுப்பினால், ஏன், வண்டி சொல்லியாச்சா, அங்கே தகவல் போயாச்சா என்று கேட்க வேண்டும். சீட்டைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் போடலாம்.

பகலில் செய்கிற வேலை இன்னொன்று உண்டு. பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தாச்சா, பெயர் ஏற்றியாச்சா, ரேஷன் கார்டில் சேர்த்தாச்சா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று தெருத் தெருவாக ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளிக்கும் பால்வாடிக்கும் பிள்ளைகளைச் சோதிக்க ஒரு மருத்துவக் குழு 2013-இலிருந்து வர வேண்டும். நம் தெருப் பால்வாடிக்குக் கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டு எழுதுங்கள். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வீட்டுக்கு ரெண்டு இருக்கட்டும், ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று எல்லாருக்கும் தெரியட்டும். இதெல்லாம் சமூக சேவை, புரட்சியில்லை என்று யாராவது சொன்னால், அவர் கடைசியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வரிசையில் நின்றார் என்று கேளுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாம் என்கிற எண்ணம் என்னைப் போலச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வருகிறது. எனக்கும் வந்தது. நாம் ஓடிவிட்டால் அந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிறவளோடு யார் இருப்பது? பெரியாஸ்பத்திரி நம்முடையது. அங்கே இன்னும் நல்ல டாக்டர்கள், நல்ல நர்ஸம்மாக்கள் இருக்கிறார்கள். என் மகளையும் அந்தப் பயலையும் காப்பாற்றியது அவர்கள்தான்.

போன மாதம் மகளுக்கு மறுபடி காய்ச்சல். அதே ஆஸ்பத்திரி, அதே மேசை, வேறு ஊழியர். 'எந்தத் தெரு?' என்றார். தெருப் பெயரைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. அவர் ஒரு நிமிசம் என்னைப் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். குரல் மாறியதா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் மாறியது. ஆனால் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், என்னிடம் கேட்காமலே, தன் தெருவையும் சத்தமாகச் சொன்னாள்.